எங்கள் வீட்டு டீசல் வண்டி

தலைநகரில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு மோட்டார் வண்டி எட்டாக் கனியாக இருந்த காலம் ஒன்று உண்டு. மத்திய அரசுச் செயலகத்தில் அலுவல் பார்த்த நம் பெரியவர்கள் சைக்கிளிலும் பஸ்ஸிலும் வாழ்நாளைக் கழித்தார்கள். ஊருக்குப் போக வேண்டுமாயின் கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் இடம் பிடித்து, புளியோதரைப் பொட்டலத்தோடும் கூஜாத் தண்ணீரோடும் இரண்டு இரவுகளை ஓட்டினார்கள். அவர்களுடைய மக்களாகிய நாம் இன்று வாசலில் வண்டி வைத்திருக்கிறோம். வைத்திருப்பதோடு நில்லாமல், கடையிலிருந்து வந்த வண்டியை நம் மனத்துக்கு இசைய மாற்றிக்கொள்ளவும் விரும்புகிறோம். அவ்வகையில் எங்கள் இல்லத்தார் பத்தாண்டுக் காலம் ஒரு டீசல் வண்டியோடு பெற்ற அனுபவத்தை எழுதுமாறு இவ்விதழாசிரியர் பணித்தார். வண்டி வாங்க எண்ணுவோர்க்கும், வீட்டில் வண்டிப் பித்துப் பிடித்த பிள்ளைகளை உடையோர்க்கும் இது பயன்படக்கூடும்.

நாங்கள் அவ்வண்டியை வாங்கியது 2012-ஆம் ஆண்டின் நடுவில். அந்நாளில் டில்லியில் பெட்ரோல் லிட்டர் எழுபது ரூபாயைத் தாண்டிவிட்டது; டீசலோ நாற்பத்தொரு ரூபாய் அளவில் நின்றது. பெட்ரோல் விலையை அரசாங்கம் 2010 ஜூனிலேயே சந்தையின் போக்குக்கு விட்டுவிட்டது. டீசல் விலையை 2014 அக்டோபர் வரை தன் கையில் வைத்திருந்தது. ஆதலின் நடுத்தரக் குடும்பங்கள் டீசல் வண்டியை நோக்கித் திரும்பியதில் வியப்பில்லை. எங்களிருவரில் ஒருவருக்குக் குர்காவில் அலுவல். வீடோ யமுனைக்குக் கிழக்கே மயூர் விகாரில். நாள்தோறும் போக்குவரத்தில் எழுபது கிலோமீட்டர் கழியும். அதன்மேல் ஆண்டுக்கொரு முறை மதுரைக்குப் போய்வரும் வழக்கம். இவ்வளவையும் கூட்டிப் பார்த்தபோது, டீசல் வண்டிக்குக் கொடுக்க வேண்டிய அதிகப்படி விலை நான்கு ஆண்டுக்குள் திரும்பிவிடும் என்று கணக்குச் சொன்னது.

கணக்கு ஒருபுறமிருக்க, மனமும் ஒரு வண்டியைத் தேர்ந்துவிட்டது. அது புனேக்கு அருகிலுள்ள ராஞ்சன்காவ் ஆலையில் உருவான ஃபியட் லீனியா. ஐவர் அமரலாம், பின்பக்கத்துப் பெட்டியறையில் 500 லிட்டர் இடம் உண்டு, ஆயினும் ஓட்டுபவர் கைக்கு அது சோம்பல் வண்டியன்று. ஸ்டீயரிங்கைத் திருப்பினால் சாலையின் மேடும் பள்ளமும் கையில் தெரியும். வளைவில் வண்டி சாயாது. ஓட்டுபவர் எண்ணிய கோட்டில் செல்லும். அம்மாவுக்கு இவற்றுள் ஒன்றும் தேவைப்படவில்லை. ஃபியட் என்னும் பெயரே போதுமாயிருந்தது. பம்பாயில் குர்லா ஆலையிலிருந்து வந்து, பின்னாளில் பிரீமியர் பத்மினி என்று பெயர் கொண்ட பழைய ஃபியட் வண்டியில்தான் அவர் கலியாணம் முடிந்து புக்ககம் சென்றாராம். "அந்த வண்டி ஒரு நாளும் வழியில் நின்றதில்லை" என்று சான்றும் அளித்தார். எங்கள் மகனுக்கு அப்போது பதினேழு வயது. அவன் ஆதரித்த காரணம் வேறு: எஞ்சின்.

அந்த எஞ்சினைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும். டீசல் எஞ்சினில் தீப்பொறி இடும் பிளக் கிடையாது. காற்றை மிக இறுக்கி அமுக்கினால் அது தானே சூடேறும். அச்சூட்டில் டீசலைத் தூவினால் தானே பற்றிக்கொள்ளும். ருடால்ஃப் டீசல் என்னும் ஜெர்மானியப் பொறியாளர் 1897-இல் ஔக்ஸ்பர்க் நகரில் ஓட்டிக்காட்டிய தத்துவம் இதுவே. அதன்பின் நெடுங்காலம் டீசல் என்றால் லாரியின் உறுமலும் கரும்புகையுமே நம் நினைவுக்கு வரும். அந்நிலையை மாற்றியது காமன் ரெயில் என்னும் முறை. எல்லா இன்ஜெக்டருக்கும் பொதுவான ஒரு குழாயில் எரிபொருளைப் பேரழுத்தத்தில் தேக்கி, மின் ஆணையின்படி வேண்டிய நொடியில் வேண்டிய அளவே தூவுவது அதன் நுட்பம். அம்முறையில் இயங்கும் முதல் பயணிகள் காரான ஆல்ஃபா ரோமியோ 156-ஐ 1997-இல் வெளிக்கொணர்ந்ததும் ஃபியட் குழுமமே. எங்கள் வண்டியிலிருந்த 1248 சி.சி. மல்டிஜெட் எஞ்சின் அதற்கு அடுத்த தலைமுறையைச் சேர்ந்தது. 1600 பார் அழுத்தத்தில், ஒரே சுற்றில் பல சிறு தூவல்களாக டீசலை விடும். அதனால் ஓசையும் குறையும், எரிதலும் சீராகும். ஒன்றேகால் லிட்டர் எஞ்சினிலிருந்து 93 குதிரைத் திறனும் 209 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசையும் கிடைத்தன. இதே குடும்பத்து எஞ்சின் மாருதி ஸ்விஃப்டிலும், டிசையரிலும், டாட்டா வண்டிகள் சிலவற்றிலும் ஓடியமையால், வண்டிப் பிரியர்கள் அதனை "இந்தியாவின் தேசிய எஞ்சின்" என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

டர்போ டீசலுக்கென்று ஓர் இயல்பு உண்டு. எஞ்சின் வெளிவிடும் புகையின் வேகத்தாலேயே ஒரு சிறு காற்றாடி சுழன்று, உள்ளே கூடுதல் காற்றைத் தள்ள வேண்டும். ஆகவே நிமிடத்துக்கு 2000 சுற்று வரும் வரையில் வண்டி யோசித்துக்கொண்டே போகும். அதற்குமேல் வாடிவாசல் திறந்த காளையைப்போலப் பாயும். நகர நெரிசலில் இது சற்றுப் பொறுமையைக் கேட்கும். நெடுஞ்சாலையில் ஒரு லாரியைக் கடக்கையில் அப்பாய்ச்சலே பெரும் துணை. ஓட்டத் தெரிந்தவர்க்கு, கியரை ஒரு படி இறக்கி அந்தக் காளையை விழிக்கச் செய்வதில் ஒரு சுகம் உண்டு என்பதை மறைப்பானேன்?

நிற்க. வண்டி வந்து இரண்டு ஆண்டுகளில் மாற்றங்கள் தொடங்கின. முதலாவது விளக்கு. குவாலியர், ஜான்சி வழியே இருட்டில் செல்லும்போது எதிர் வண்டியின் வெளிச்சம் கண்ணைக் குத்த, நம் விளக்கோ சாலை ஓரத்தை எட்டாது. பலரும் செய்வது அதிக வாட் பல்பை மாட்டுவது. அது கம்பிகளைச் சூடேற்றும். எதிரே வருபவரைக் குருடாக்கும். எங்கள் மிஸ்திரி ஒரு சர்தார்ஜி. காஷ்மீரி கேட் உதிரிப்பாகச் சந்தையில் தலை நரைத்தவர். அவர் பல்பை மாற்றவில்லை. பாட்டரியிலிருந்து தடித்த கம்பியில் ரிலே வைத்து விளக்குக்கு நேரே மின்சாரம் வருமாறு செய்தார். விளக்கின் சாய்வை ஒரு சுவரில் கோடு கிழித்துச் சரிபார்த்தார். அதே பல்ப் புதுப் பொலிவோடு எரிந்தது. "பிஜ்லி வழியில் களைத்துப்போகாமல் வந்தால் போதும்" என்பது அவர் விளக்கம்.

இரண்டாவது டயர். டயரின் பக்கத்தில் 195/60 R15 என்று எழுதியிருப்பதைப் பலர் பார்த்திருப்பார்கள். 195 என்பது மில்லிமீட்டரில் அகலம்; 60 என்பது அந்த அகலத்தில் பக்கச் சுவரின் உயரம் நூற்றுக்கு எத்தனை என்பது; 15 என்பது சக்கரத்தின் விட்டம், அங்குலத்தில். இளைஞர்கள் அகலத்தைக் கூட்டிச் சுவரைக் குறைக்க ஆசைப்படுவார்கள். பார்வைக்கு அழகுதான், ஆனால் நம் சாலைக் குழிகளில் சுவர் குறைந்த டயர் வெடிக்கும், சக்கரம் நெளியும். நாங்கள் அளவைத் தொடாமல் ஈரத்தில் நன்கு பிடிக்கும் உயர்ந்த ரக டயருக்கு மாறினோம். மூன்றாவது, பிரேக்: நல்ல ரக பேட்கள், இரண்டு ஆண்டுக்கொரு முறை தவறாமல் புதிய பிரேக் திரவம். அத்திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஈரம் சேர்ந்த திரவம் மலை இறக்கத்தில் கொதித்துப் பிரேக்கைக் கைவிட்டுவிடும் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? நான்காவது, ஓய்ந்துபோன ஷாக் அப்சார்பர்களுக்குப் பதில் அதே அளவில் புதியவை. ஐவரும் ஐந்து பெட்டியும் ஏறிய வண்டி மேட்டில் குதித்து அடங்காமல் ஆடினால், டயர் தரையை விட்டு எழும். எழுந்த டயர் எதையும் பிடிக்காது.

இவற்றுள் ஒன்றும் வண்டியை வேகமாக்கவில்லை. ஆயினும் வண்டி மீது நம்பிக்கை பிறந்தது. நம்பிக்கை உள்ள வண்டியை ஓட்டுவதே சுகமான ஓட்டம் என்பதை எங்கள் மகன் அப்போது ஒப்புக்கொள்ளவில்லை.

அவன் 2016-இல் படிப்பை முடித்து வேலையில் அமர்ந்தான். முதற்சம்பளத்தில் வண்டிக்கு ஒரு பரிசு தர விரும்பினான். எஞ்சினின் மூளையாகிய மின் கட்டுப்பாட்டுப் பெட்டியிலுள்ள மென்பொருளை மாற்றி எழுதும் கலை ஒன்று உண்டு. வண்டிப் பிரியர்கள் அதனை ரீமேப் என்பர். ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள துளையில் ஒரு கம்பியைச் செருகி, ஒரு மணி நேரத்தில் வேலையை முடித்துவிடுவார்கள். டர்போவின் காற்றழுத்தம் சிறிது கூடும். தூவப்படும் டீசலும் கூடும். திறன் நூற்றுக்கு இருபது, இருபத்தைந்து வரை ஏறும். அதோடு, புகையின் ஒரு பகுதியை மீண்டும் எஞ்சினுக்குள் திருப்பிவிடும் ஈ.ஜி.ஆர். வால்வை அடைத்துவிட்டால் எஞ்சின் உள்ளே கரி படியாது என்றும் ஒரு கடைக்காரர் யோசனை கூறினார். மொத்தம் முப்பதாயிரம் ரூபாய். மகன் சீட்டுடன் வீட்டுக்கு வந்தான்.

அது நவம்பர் மாதம். அவ்வாண்டு தீபாவளிக்குப் பின் டில்லியைக் கவிந்த புகைமூட்டத்தை நம் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பகல் பன்னிரண்டு மணிக்கும் சூரியன் பித்தளைத் தட்டுப்போலத் தொங்கியது. பள்ளிகளுக்கு மூன்று நாள் விடுமுறை விட்டார்கள். எங்கள் அம்மாவுக்கு ஆஸ்துமா பழைய நோய். அந்த வாரம் அவர் படுக்கையில் சாய்ந்து உட்கார்ந்தபடியே இரவுகளைக் கழித்தார். நான்கு மணிக்கொரு முறை நெபுலைசர் வைக்க வேண்டியிருந்தது. இரவு இரண்டு மணிக்கு வைப்பது பேரனின் பங்கு. எங்களை அவன் எழுப்புவதில்லை.

மறுநாள் சாப்பாட்டின்போது பேரன் பாட்டிக்குத் தன் திட்டத்தை விளக்கினான். காற்று, டீசல், அழுத்தம், திறன் எல்லாவற்றையும் மேசையில் வரைந்து காட்டினான். அம்மா கவனமாகக் கேட்டார். அறுபது ஆண்டு அடுப்பெரித்தவர் அல்லவா? விறகு, கரி, மண்ணெண்ணெய், எரிவாயு என்று எல்லாவற்றையும் கண்டவர். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார்:

"கூட ஊத்துற எண்ணெய் பூரா எரிஞ்சிடுமாடா? எரியாதது எங்கே போகும்?"

கேள்வி மிகச் சரியானது. காற்றுக்கு மிஞ்சிய டீசல் முழுதும் எரியாது. எரியாதது கரித்துகளாக வெளியே போகும். கைதேர்ந்தவர்கள் அளவறிந்து செய்தால் கண்ணுக்குத் தெரியும் புகை வராது என்பது உண்மையே. ஆனால் ஈ.ஜி.ஆர். வால்வை அடைப்பது வேறு கதை. அந்த வால்வு இருப்பதே எரிதலின் வெப்பத்தைத் தணித்து நைட்ரஜன் ஆக்சைடுகளைக் குறைப்பதற்காக. அவை கண்ணுக்குத் தெரியா. நம் நாட்டில் டீசல் வண்டிக்குப் பி.யு.சி. சான்று தரும்போது புகையின் அடர்த்தியை மட்டுமே அளக்கிறார்கள். நைட்ரஜன் ஆக்சைடுகளை அளப்பதில்லை. ஆகவே வால்வை அடைத்த வண்டியும் சான்று பெற்றுவிடும். சான்று பெற்ற வண்டியும் நஞ்சைக் கக்கும். மென்பொருளுக்கு எத்தகைய ஆற்றல் உண்டென்பதை அதற்கு முந்தைய ஆண்டில் உலகம் கண்டது: வோக்ஸ்வாகன் குழுமத்தின் டீசல் வண்டிகள் சில, சோதனைக்கூடத்தில் ஒரு விதமாகவும் சாலையில் வேறு விதமாகவும் புகை விடுமாறு எழுதப்பட்டிருந்தமை 2015 செப்டம்பரில் அமெரிக்காவில் வெளியாயிற்று. அதற்கும் மூன்றாண்டு முன்னரே, 2012 ஜூனில், உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு டீசல் புகையை மனிதர்க்குப் புற்றுநோய் விளைக்கும் பொருள்களின் முதல் வகையில் சேர்த்துவிட்டது.

இவையெல்லாம் எங்கள் மகனுக்குத் தெரியாதவையல்ல. பாட்டியின் கேள்விக்கு அவன் விடை கூறவில்லை. நாங்களும் ஒன்றும் சொல்லவில்லை; அவன் சம்பளம், அவன் முடிவு என்று இருந்தோம். இரண்டு நாள் கழித்து ஒரு பெரிய அட்டைப்பெட்டி வந்தது. உள்ளே பாட்டியின் அறைக்குக் காற்று வடிகட்டும் கருவி. எஞ்சியதில் வண்டிக்கு நான்கு புது டயர்.

அந்த டயர்களுக்கு 2018 ஜூன் இறுதியில் வேலை வந்தது. மதுரைக்குச் செல்லும் வழியில், மத்தியப் பிரதேசத்தில் சாகரைத் தாண்டிச் சியோனியை நோக்கி 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் சென்றுகொண்டிருந்தோம். மாலை மங்கி, மழையும் பிடித்துக்கொண்டது. மகன் ஓட்டினான். ஒரு வளைவு திரும்பியதும் சாலையின் நடுவே, விளக்கும் இல்லாமல், முக்கோணப் பலகையும் இல்லாமல், அச்சு முறிந்த லாரி ஒன்று நின்றது. எங்கள் விளக்கின் ஒளியில் அதன் பின்பலகையிலிருந்த சிவப்புச் சில்லு மின்னியது. அவன் பிரேக்கை முழுதும் அழுத்தினான். வண்டி சறுக்கவில்லை, பக்கவாட்டில் திரும்பவுமில்லை. நின்றபோது லாரிக்கும் எங்களுக்கும் இடையே இரண்டு முழம் இருந்திருக்கும். யாரும் பேசவில்லை. பின்னிருக்கையில் உறங்கிக்கொண்டிருந்த அம்மா விழித்து, "டீ குடிக்கவா நிறுத்தினே?" என்றார். நாக்பூர் போய்ச் சேரும் வரையில் அவருக்கு நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. அவ்விரவு விடுதியில் மகன் சொன்னான்: "அன்றைக்கு வாங்கியிருந்தால் இருபது குதிரை கூடியிருக்கும். இன்றைக்கு அந்த இருபதும் முன்னாலேதான் இழுத்திருக்கும்."

வண்டி மாற்றத்தைப் பற்றிச் சட்டம் சொல்வதையும் அன்பர்கள் அறிந்திருத்தல் நலம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றலாகாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதனை வலியுறுத்தித் தீர்ப்பளித்தது. அவ்வாண்டின் திருத்தச் சட்டம், இத்தகைய மாற்றம் ஒவ்வொன்றுக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடமளிக்கிறது. இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குத் தெரிவியாமல் எஞ்சினை மாற்றியிருந்தால், விபத்துக்குப் பின் இழப்பீடு மறுக்கப்படவும் கூடும். கழுத்துப்பட்டை அளவு மாறினால் சட்டையே மாறிவிடாது. ஆனால் எஞ்சினின் திறனும் வண்டியின் உயரமும் சக்கர அளவும் மாறினால், ஆர்.சி. புத்தகத்தில் உள்ள வண்டி வேறு, தெருவில் ஓடும் வண்டி வேறு என்றாகிவிடும்.

இச்சட்டத்தின் பொருள் எங்களுக்கு முழுமையாக விளங்கியது 2022-இல். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015 ஏப்ரலில், பத்தாண்டு கடந்த டீசல் வண்டிகள் டில்லியிலும் அதனைச் சூழ்ந்த தலைநகர் வட்டாரத்திலும் ஓடலாகாது என்று ஆணையிட்டது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதனை நிறைவேற்றுமாறு பணித்தது. 2022 பிறந்ததும் டில்லி அரசு பத்தாண்டு முடிந்த டீசல் வண்டிகளின் பதிவை நீக்கத் தொடங்கியது. எங்கள் வண்டிக்கும் நாள் நெருங்கியது. ஒரு லட்சத்து எழுபதாயிரம் கிலோமீட்டர் ஓடியும் எஞ்சின் ஒரு சொட்டு ஆயில் குடிக்காத நிலையில் இருந்த வண்டி அது. உடைக்கக் கொடுக்கலாம், அல்லது தடையின்மைச் சான்று பெற்று வேறு மாநிலத்துக்கு அனுப்பலாம். மதுரையில் இருக்கும் எங்கள் தம்பி, "இங்கே அனுப்பிடுங்க, நான் பாத்துக்கிறேன்" என்றார்.

அதே சமயம் வீட்டில் இன்னொரு முடிவும் உருவாகிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு குளிர்காலமும் அம்மாவுக்கு முந்தையதைவிடக் கடினமாயிற்று. இனி நவம்பரில் டில்லியில் இருக்க வேண்டாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். நாற்பது ஆண்டு இந்நகரில் வாழ்ந்து, மார்கழியில் மலை மந்திருக்குச் சென்று, காய்கறிக்காரனிடம் இந்தியில் பேரம் பேசிப் பழகியவர், "அப்போ நானும் வண்டியோடேயே போயிடறேன்" என்றார். வண்டிக்கு வயது தடை. அம்மாவுக்குக் காற்று தடை. இருவரையும் ஒரே பயணத்தில் கொண்டு சேர்த்தோம். சுமார் 2600 கிலோமீட்டர். அம்மாவுக்காக நான்கு நாளாகப் பிரித்துக்கொண்டோம். ஏறத்தாழ 150 லிட்டர் டீசல் செலவாயிற்று.

மதுரையில் மறுபதிவுக்கு வண்டியைக் காட்டியபோது ஆய்வாளர் சேசிஸ் எண்ணைத் தாளில் பென்சிலால் தேய்த்து எடுத்தார், எஞ்சின் எண்ணையும், டயர் அளவையும், நிறத்தையும் புத்தகத்தோடு ஒப்பிட்டார், புகையைப் பார்த்தார். கால் மணி நேரத்தில் முடிந்தது. தமிழ்நாட்டு வரியைக் கட்டினோம். அவ்விடத்திலேயே அகல டயரும் தாழ்த்திய ஸ்பிரிங்கும் போட்ட வேறொரு வெளிமாநில வண்டி, எல்லாவற்றையும் பழையபடி மாற்றிக்கொண்டு வருமாறு திருப்பி அனுப்பப்பட்டது. பழைய பாகங்களை என்றோ விற்றுவிட்டாராம் அவ்வண்டிக்காரர்.

டில்லியில் நஞ்சாகக் கருதப்பட்டது மதுரையில் மட்டும் அமுதமாகிவிடுமோ என்று அன்பர்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்வியே. பி.எஸ்.6 விதி 2020 ஏப்ரலில் வந்தபின் டீசல் கார்களில் காணப்படும் துகள் வடிகட்டி எங்கள் பி.எஸ்.4 வண்டியில் இல்லை. புதிய விதிக்கேற்ப மாற்றுவது கட்டுப்படியாகாதென்று அந்த எஞ்சினின் உற்பத்தியையே நிறுத்திவிட்டார்கள். தம்பி அதை மாதத்துக்கு முந்நூறு, நானூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுவதில்லை. காற்று வடிகட்டியையும் ஆயிலையும் நாள் தவறாமல் மாற்றுகிறார். பழகிய பங்கில் மட்டுமே டீசல் போடுகிறார், நீர் கலந்த டீசல் இன்ஜெக்டரைக் கொல்லும் என்பதால். பதினைந்து ஆண்டுப் பதிவு 2027-இல் முடியும்போது, புதுப்பிக்காமல் உடைக்கக் கொடுத்துவிடுவது என்று குடும்பத்தில் முடிவாகியிருக்கிறது. ஓடும் வண்டியை வழியனுப்புவது எளிதன்று. ஆனால் எந்தத் தெருவிலும் ஒரு பாட்டி இருப்பாள் அல்லவா?

பின்னர் 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், வயதை மட்டும் காரணமாக்கி டில்லியிலுள்ள பழைய வண்டிகளின் உரிமையாளர் மீது கடும் நடவடிக்கை கூடாதென்று இடைக்கால ஆணை பிறப்பித்தது. அவ்வாண்டு டிசம்பரில் அந்தப் பாதுகாப்பைப் பி.எஸ்.4-க்கும் அதற்கு மேற்பட்ட வண்டிகளுக்கும் உரியதென வரையறுத்தது. "அவசரப்பட்டு அனுப்பிவிட்டீர்களே" என்று நண்பர்கள் சிலர் எங்களிடம் வருந்தினார்கள். நாங்கள் வருந்தவில்லை. நாங்கள் இப்போது மெட்ரோவில் செல்கிறோம். அம்மா நான்கு ஆண்டுகளாக நெபுலைசரை அலமாரிக்கு மேலேயே வைத்திருக்கிறார்; மாதம் ஒரு முறை லீனியாவின் முன்னிருக்கையில் அமர்ந்து மீனாட்சியம்மன் கோயிலுக்குப் போய்வருகிறார்.

வண்டியை மாற்ற விரும்பும் நம் சங்கத்து இளைஞர்களுக்கு எங்கள் மகன் இப்போது கூறும் யோசனையையே எழுதி முடிக்கிறோம். முதலில் கண்ணுக்குச் செலவிடு: விளக்கு, வைப்பர், கண்ணாடி. அடுத்து காலுக்கு: டயர், ஷாக் அப்சார்பர். அதன்பின் பிரேக்குக்கு. கழற்றிய பாகங்களைத் துணியில் சுற்றிப் பத்திரமாக வை. இவ்வளவும் செய்தபின் இன்னும் பணமும் ஆசையும் மிச்சமிருந்தால் எஞ்சினைப் பற்றி யோசிக்கலாம். யோசிக்கும்போது, எரியாதது எங்கே போகும் என்று கேட்டுக்கொள்.